விதுசனும் அவன் மாற்றுக்குறியும்

விதுசனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூழாமோட்டைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் கமக்காரர் அமைப்புக்கு நான் செயலாளர். அவன் எங்கள் தலைவர் கதிர்காமநாதனின் ஒரே மகன். உடையார்கட்டிலிருந்து உள்ளே இறங்கும் கிறவல் வீதியில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் நான்கு வேலிகள்தான். இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலத்தில்கூட அவர்களுடைய தறப்பாள் கூடாரத்துக்கு இடம் எங்களுடையதற்குப் பக்கத்திலேயே விழுந்தது. என் விதி அப்படி. ஆகவே நான் சொல்லப்போவது கேள்விப்பட்ட கதை அல்ல, கண்ணால் கண்டது.

முகாமில் அவனுக்குப் பதினாறு வயது. தண்ணீர் பவுசர் வந்தால் ஊரே வாளியோடு ஓடும். அவனுடைய தாய் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பா. இவன் ஒரு கல்லின் மேல் இருந்துகொண்டு, வரிசையில் எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு கிடைக்கும், எத்தனையாவது ஆளோடு தண்ணீர் முடியும் என்று சொல்வான். சொன்னபடியே முடியும். ஆனால் ஒரு வாளியாவது தூக்கினானா என்றால், இல்லை. அன்றைக்கே எனக்கு ஆள் யாரென்று பிடிபட்டுவிட்டது.

பிறகு வவுனியாவில் பல்கலைக்கழகம் போனான். இரண்டாம் வருடத்தோடு திரும்பி வந்துவிட்டான். விரிவுரையாளருக்குத் தெரியாததை இவன் கேட்டானாம், அவருக்குக் கோபம் வந்துவிட்டதாம். இது அவன் சொன்னது. விரிவுரையாளர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்கலாம்.

அவனுடைய சித்தப்பா டென்மார்க்கில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் பழைய கணினி மொழி ஒன்றில் வேலை செய்தவர். அந்த மொழியில் சொற்கள் கிடையாது, எல்லாம் குறிகள். எண்களை ஒவ்வொன்றாக எடுக்காமல் முழு நிரலாக, முழு அட்டவணையாக ஒரே பிடியில் எடுத்துக் கணக்குப் பார்க்கும். கணக்கு வலமிருந்து இடமாகப் போகும். சித்தப்பா தொலைபேசியில் அதைச் சொல்லிக்கொடுக்க, இவன் படித்தான். படித்து, கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் அறை எடுத்து, அந்த நாட்டுக் கந்தோருக்கே இங்கிருந்து வேலை செய்யத் தொடங்கினான். வன்னியில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று எல்லோருக்கும் சொன்னான். இருக்கலாம். வன்னியில் வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அந்தக் குறிகளில் ஒன்று அவனைப் பேய் போலப் பிடித்துக்கொண்டது. மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு நெளிவு. முதலாம் வகுப்புப் பிள்ளை கீறிய கோணல் முகம் போல இருக்கும். அது தனியாக ஒரு கணக்கும் செய்யாது. இன்னொரு குறியோடு ஒட்டிக்கொண்டு, அதன் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாற்றிவிடும். மூன்றிலிருந்து பத்தைக் கழி என்று எழுதி, கழித்தல் குறியோடு அந்த முகத்தை ஒட்டினால், பத்திலிருந்து மூன்றைக் கழித்து ஏழு என்று சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. மற்றவர்கள் இரண்டு அடைப்புக்குறி போட்டுச் செய்வதை அது ஒரு குறியில் செய்கிறது. இதற்காக ஒரு மனிதன் உயிரை விடுவானா என்று நீங்கள் கேட்பீர்கள். விதுசன் விடுவான். அடைப்புக்குறி போடுகிறவர்களைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டால், அவர்கள் ஏதோ பல் விளக்காத கூட்டம் என்று நினைக்கத் தோன்றும்.

அந்த முகத்துக்கு இன்னொரு குணமும் உண்டாம். ஒரு பக்கத்தில் மட்டும் எண் இருந்தால், அதே எண்ணை மற்றப் பக்கத்திலும் கொண்டுபோய் நிறுத்திவிடுமாம். இதை அவன் விளங்கப்படுத்தியபோது எனக்கு அவன் கதைக்கும் விதம்தான் நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்பவனும் அவன், பதில் சொல்பவனும் அவன், அதற்குத் தலையாட்டுகிறவனும் அவன்.

நெளுக்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தேனுகா என்று நல்ல பிள்ளை, ஆசிரியை. பெண்ணின் தகப்பன் மரியாதைக்கு, "தம்பி என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்டார். இவன் சாதகம் இருந்த உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்த முகத்தைக் கீறி முக்கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினான். அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். ஒரு மாதம் கழித்து அந்த முகத்தைப் பெரிதாக அச்சடித்த ரீசேட் ஒன்றோடு இவன் கோயில் திருவிழாவுக்கு வந்தான். யார் கேட்டாலும் விளங்கப்படுத்தலாம் என்ற ஆசை. ஒருவரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவனை எங்கள் குளத்துக்குள் கொண்டுவந்தது அவனுடைய தகப்பன்.

எங்கள் குளத்துத் தண்ணீர் மூன்று வாய்க்காலில் ஓடும். மேல் வாய்க்கால், நடு வாய்க்கால், கடை வாய்க்கால். மேலும் நடுவும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களுடையவை. கடை வாய்க்கால் மலையகத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடி வந்த குடும்பங்களுடையது. மழைக்காலத்துக் காலபோகத்தில் எல்லோருக்கும் தண்ணீர் உண்டு. சிறுபோகத்தில் குளத்தில் இருப்பதுதான் இருப்பு, ஆகவே கடை வாய்க்காலுக்குப் பங்கு கொடுப்பதே இல்லை. அந்த மண் சிறுபோகத்துக்குச் சரிவராது என்று ஒரு கதை. அவர்கள் பதினொரு வருடம் கேட்டுக் கேட்டு, போன சிறுபோகத்தில்தான் முதன்முதலாக ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் பங்கு கிடைத்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. விளைவித்துக் காட்டினால் வருடா வருடம் உண்டு, காட்டாவிட்டால் இனிக் கேட்கக்கூடாது.

அந்த ஒன்றரை ஏக்கர்காரரில் ஒருவர் ஆண்டியப்பன். வாய்க்கால் கதவுகளின் திறப்புக் கொத்து அவரிடம்தான் இருக்கும். கதவு திறந்து மூடுகிற வேலையை இருபது வருடமாகச் செய்கிறார். கடை வாய்க்கால்காரர் கையில் திறப்பு இருக்கிறதே என்று மேல் வாய்க்கால்காரர் முணுமுணுப்பார்கள். அதனால் அவர், எழுதிக் கொடுத்தால் ஒழிய ஒரு கதவையும் திறக்கமாட்டார். ஐந்து நிமிடம் கூடுதலாகத் திறந்தார் என்று ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

மூன்று வாய்க்காலுக்கும் பங்கு என்றானதும் சண்டை தொடங்கியது. பாதிப் போகம் அப்படியே போனபின், ஒரு கூட்டத்தில் தலைவர் எழுந்து, "இனிச் சண்டை வேண்டாம். என்ரை மகன் கொம்பியூட்டரில கணக்குப் போட்டுத் தருவான்" என்றார். அவன் எழுதினான். பன்னிரண்டு கதவுக்கும் எத்தனை மணித்தியாலம் திறக்க வேண்டும் என்று சொல்லும் கணக்கு, ஒரே ஒரு வரியில். அந்த வரியைத் தாளில் பெரிதாக அடித்து, அமைப்பின் அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டியும் விட்டான்.

கணக்கின் சாரம் எளிது. ஒவ்வொரு கதவுக்கும் தேவையான மணித்தியாலத்திலிருந்து ஏற்கெனவே கிடைத்ததைக் கழித்தால், மிச்சம்தான் இந்தக் கிழமை திறக்க வேண்டியது. கழித்துப் பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம் என்று போடும். எந்தக் கதவை எவ்வளவு நேரம் திறந்தது என்று ஆண்டியப்பன் எழுதிவைக்கும் கொப்பியைப் பார்த்து நான் இணையத்தில் இருக்கும் அட்டவணையில் தேவையானது, கிடைத்தது என்று இரண்டு நிரல் நிரப்ப வேண்டும். திங்கட்கிழமை கணினி மணித்தியாலங்களைச் சொல்லும். நான் தாளில் எடுத்து ஆண்டியப்பனிடம் கொடுக்க வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை பரீட்சித்துப் பார்த்தோம். வந்த தாளைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏற்கெனவே நிறையக் குடித்த மேல் வாய்க்காலுக்குப் பதினான்கு மணித்தியாலம், காய்ந்து கிடந்த கடை வாய்க்காலுக்குப் பூச்சியம். கழிக்க வேண்டியதைத் தலைகீழாகக் கழித்திருந்தது. எங்கே பார்த்தாலும் அந்த முகத்தை ஒட்டுகிறவன், ஒட்ட வேண்டிய ஒரே இடத்தில் ஒட்டாமல் விட்டிருந்தான்.

அவனிடம் சொல்லியிருக்கலாம். நாலு வேலிதான். சொன்னால் ஏற்கெனவே தெரிந்தது போல "ஓம், அது நான் பிறகு போடலாம் எண்டு விட்டது" என்பான். எனக்கு அது போதாது. போக முடிவுக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை அட்டவணையைத் திறந்து இரண்டு நிரலையும் இடம் மாற்றினேன். இடது பக்கத்தில் இருந்தது வலது பக்கத்துக்கு, வலது பக்கத்தில் இருந்தது இடதுக்கு. அவனுடைய வரியைத் தொடவேயில்லை. ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. தேதியையும் நேரத்தையும் என் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை தாளை எடுத்து, மடித்து, உறையில் போட்டு ஆண்டியப்பனிடம் கொடுத்தேன். வாசித்துப் பார்க்கவில்லை. அவன் போட்ட கணக்கை உட்கார்ந்து வாசிப்பது எனக்குக் கௌரவக் குறைவாக இருந்தது.

புதன்கிழமை ஆண்டியப்பன் கந்தோர் வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் எப்போதும் வருவார்.

"மிஸ், கடை வாய்க்காலுக்கு இந்தக் கிழமை ஒண்ணுமே போடலைங்க. பேப்பர்ல தப்பு இருக்குமோ?"

"கணக்குச் சரி, ஆண்டியப்பன் அண்ணை. நானே பாத்தனான். போன கிழமை ஏதும் கூடப் போயிருக்கும்."

"கூடப் போகலைங்களே."

"கொப்பியில இருக்கிறதைத்தானே நான் பதியிறன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அடுத்த திங்களும் தாள் போனது. அந்தக் கிழமை அவர் என்னிடம் வராமல், சைக்கிளில் கிளிநொச்சிக்கே போய் விதுசனின் அறைப் படி ஏறியிருக்கிறார். அவன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே, "கணக்குப் பிழைக்காது அண்ணை. பேப்பரில இருக்கிறபடி கதவைத் திறவுங்கோ" என்று சொல்லி அனுப்பினான். இது பிறகு எனக்குத் தெரிந்தது.

அது ஆடி மாதம். கச்சான் காற்று மண்ணைச் சுரண்டிக்கொண்டு அடிக்கிற காலம். நெல் குடலைப் பருவத்தில், கதிர் தண்டுக்குள் இருந்து வெளியே வரப் பார்க்கிற நேரத்தில் நின்றது. அந்த இரண்டு கிழமையும் மேல் வாய்க்காலில் தண்ணீர் வரம்பு மேவி ஓடியது. எங்கள் வயல் மேல் வாய்க்காலில். பச்சையாய் நின்ற பயிரைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மூன்றாம் திங்கள் காலை ஆண்டியப்பன் தாள் வாங்க வந்தபோது கையில் நாலு நெற்பயிர் இருந்தது. மேசையில் வைத்தார். ஒன்றை எடுத்து உரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த கதிர் வெள்ளையாய், வைக்கோல் போல இருந்தது. அப்போதுதான் அன்றைய தாளையும் அவருடைய கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல்முறை வாசித்தேன். கடை வாய்க்காலின் நாலு கதவுக்கும் பூச்சியம். மேல் வாய்க்காலுக்கு இருபத்தாறு. அவனுடைய வரியைத் திறந்தேன். கழித்தல் குறிக்குப் பக்கத்தில் அந்தக் கோணல் முகம் நின்றது.

அவனும் வெள்ளிக்கிழமையே கண்டிருக்கிறான். நான் சனிக்கிழமை காலையில் நிரலை மாற்ற, அவன் அன்று மாலையில் குறியை ஒட்டியிருக்கிறான். நான் சொல்லாமல் விட்டது போலவே அவனும் சொல்லாமல் விட்டிருக்கிறான். இரண்டு திருத்தமும் தனித்தனியே சரி. சேர்ந்தபோது ஒன்றையொன்று அழித்துவிட்டு, பழைய பிழையைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டன.

தாளைக் கிழித்துவிட்டு, கடை வாய்க்காலின் நாலு கதவையும் உடனே திறக்கும்படி கையால் எழுதிக் கொடுத்தேன். அவர் ஓடிப்போய்த் திறந்தார். தண்ணீர் போய்ச் சேர்ந்தது, பயிர் மீளவில்லை. அறுவடைக்கு மேல் வாய்க்காலில் மெசின் இறங்கியபோது, ஆண்டியப்பனும் அவருடைய மனைவி அழகம்மாவும் மணி பிடிக்காத சப்பிக் கதிரை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிழமையும் திறப்பு அவருடைய மடியில் இருந்தது. ஒரு இரவு, ஒரு மணித்தியாலம் திறந்துவிட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எழுதிக் கொடுத்தது பூச்சியம், ஆகவே அவர் திறக்கவில்லை.

போக முடிவுக் கூட்டம் ஆவணி கடைசியில் நடந்தது. தலைவர் கதிரையில், அவருக்குப் பக்கத்தில் கூட்ட அறிக்கைக் கொப்பியோடு நான். விதுசன் அதே ரீசேட்டோடு பின்னால் நின்றான். நான் பல நாளாகக் காத்திருந்த கூட்டம் இது. அவனைப் பற்றிச் சொல்ல என்னிடம் இன்னும் பாதிக் கதை இருந்தது. என்னுடைய மற்றப் பாதி வெளியே வராமல் அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடை வாய்க்கால் சிறுபோகத்துக்குச் சரிவராது எண்டு நாங்கள் அப்பவே சொன்னது. விளைவிச்சுப் பாத்தாச்சு. பிள்ளை பிரியந்தினி, அதை எழுதும்."

ஆண்டியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பேனை கொப்பியில் இருந்தது. எழுதவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"அப்பா, மண் பிழையில்லை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கணக்குப் பிழை. கழித்தல் தலைகீழாப் போச்சு. ரெண்டு கிழமையும் தண்ணி போகேல்லை. நான்தான் செய்தனான்."

தலைவரின் முகம் இருண்டது. "நீ இரு" என்றார். அவன் இருக்கவில்லை. முன்னால் வந்து, கதவு கதவாக, மணித்தியாலம் மணித்தியாலமாகச் சொன்னான். அன்றைக்கு ஒரு முறைகூட அவன் அந்தக் குறியை விளங்கப்படுத்தவில்லை. தண்ணீர் கொடுக்காத வயலை விளையாத வயல் என்று எழுத முடியாது என்று சொல்லிவிட்டு நின்றான். மகனே சொன்னபிறகு தகப்பனுக்கு வேறு வழி இருக்கவில்லை. கடை வாய்க்காலின் பங்கு அடுத்த சிறுபோகத்துக்கும் தொடரும் என்று தீர்மானம். விதுசனைக் கணக்கு வேலையிலிருந்து நிறுத்துவதாக இன்னொரு தீர்மானம். இரண்டையும் என் கையாலேயே எழுதினேன். 'விதுசனின் கணக்கில் ஏற்பட்ட பிழையால்' என்று எழுதும்போது என் எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதுதான் இப்போதும் என்னை உறுத்துகிறது.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது அவன் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, அட்டவணையில நிரலை மாத்தினது நீங்கள்."

"ஆர் சொன்னது?"

"அதில ஆர், எத்தனை மணிக்கு மாத்தினது எண்டு எல்லாம் கிடக்கும். சனிக்கிழமை, ஒன்பதரை."

"அப்ப ஏன் சபையில சொல்லேல்லை?"

"ரெண்டு பேர் பிழை எண்டு சொன்னா, ஆற்ற பிழை எண்டு பொழுதுபடும்வரை கதைப்பினம். கடைசியில அப்பா மண் பிழை எண்டு எழுதுவிப்பார். ஒராள் எண்டாத்தான் கெதியா முடியும்." கதிரையை வைத்துவிட்டுக் கையைத் தட்டினான். "ஒரு வரியில முடிக்கிறது நல்லம்தானே."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவனால் முடியாது. அப்போதும் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஆனால் நாலு வேலி தாண்டி வீட்டுக்கு நடந்துபோகும்போது, முப்பத்துமூன்று வருடமாக நான் பார்த்து வந்த அந்தப் பக்கத்து ஆளும் இந்தப் பக்கத்து ஆளும் ஒரே ஆள்தான் என்று பட்டது. பிழையைக் கண்டதும் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டோம். அவனாவது பிறகு திறந்தான்.

ஐப்பசியில் காலபோகக் கூட்டம். எங்கள் அமைப்பில் எந்தக் கூட்டமும் போன கூட்டத்து அறிக்கையைச் செயலாளர் வாசிப்பதோடுதான் தொடங்கும். வாசித்து முடிந்ததும் தலைவர், "திருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்பார். அது சும்மா கேட்கிற கேள்வி. ஒருவரும் பதில் சொல்வதில்லை, அவரும் பதிலுக்கு நிற்பதில்லை. நான் செயலாளராக இருந்த ஒன்பது வருடத்தில் ஒரு திருத்தமும் வந்ததில்லை.

நான் வாசித்தேன். விதுசனின் கணக்கில் ஏற்பட்ட பிழையால் என்ற இடம் வந்தபோது ஆண்டியப்பன் நிமிர்ந்து பார்த்தார். "நானே பாத்தனான்" என்று நான் சொன்னது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"திருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் அடுத்த தாளைப் புரட்டினார்.

"ஓம்" என்றேன். "அந்த வசனத்தில ஒரு பேர் விடுபட்டிருக்கு. பிரியந்தினி எண்டு எழுத வேணும்."